தையலுக்கு ஒரு முருகா

வேண்டுதல் வைக்கும்போது நான் கொஞ்சம் நிதானமாக இருந்திருக்க வேண்டும்.

மகளுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் பிள்ளை இல்லை. அவள் பெங்களூரில் போகாத டாக்டர் இல்லை, நான் இங்கே தங்கவயலில் சுற்றாத கோயில் இல்லை. ஒருநாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அம்மா, நாள் தள்ளிப் போச்சும்மா. டாக்டர் ஆமான்னுட்டாங்க" என்றாள். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்பதுகூட ஞாபகமில்லை. தெருக்கோடி முருகன் கோயிலில் போய் நின்றபோதுதான் கையில் கரண்டி இருப்பதைப் பார்த்தேன். பூசாரியும் பார்த்தார்.

"இன்னாம்மா, நைவேத்தியமா?" என்றார்.

கரண்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். மனசு நிறைந்து வழிந்தது. அந்த வழிசலில்தான் சொல்லிவிட்டேன். "முருகா, பிள்ளை நல்லபடியா பிறக்கட்டும். அதைத் தொட்டில்ல போடற அன்னிக்கு நான் என் கையால தெச்ச கவுதி மேலதான் போடுவேன். அதுல ஒவ்வொரு தையலுக்கும் உன் பேரச் சொல்லித் தெப்பேன். பேர் இல்லாத தையல் ஒண்ணுகூட இருக்காது."

கவுதி என்பது வேறொன்றுமில்லை. உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆகிப்போன பழம்புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுத் தைக்கிற போர்வை. கன்னடக்காரர்கள் சொல்கிற பேர், எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தைக்கிறேன். உட்கார்ந்து ஊசியை எடுத்தால் வாய் தானாக "முருகா" என்று சொல்லும், கை போகும். ஒரு முருகா, ஒரு தையல். வாயும் கையும் ஒன்றுக்கொன்று பல் பொருந்திய சக்கரங்கள் என்று நான் நினைத்திருந்தேன். வேகம் மட்டும் கிடையாது. நான் மழைக்கென்று தொடங்கிய கவுதி குளிருக்குத்தான் முடியும். குளிருக்கென்று தொடங்கினால் வெயில் வந்துவிடும். வெயிலில் கவுதியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சாயந்திரம் ரயிலிறங்கி வீட்டுக்காரர் வந்ததும் வேண்டுதலைச் சொன்னேன். அவர் பெங்களூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறார். விடியுமுன் வண்டி ஏறினால் இருட்டின பிறகுதான் திரும்புவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார். "ரெண்டு தேங்கா ஒடைக்கறேன்னுட்டு வர வேண்டியதுதானே? உன்ன யாரு இவ்ளோ நீளமா வேண்டிக்கச் சொன்னது?"

அந்த நீளத்தில் எவ்வளவு பெரிய குழி இருக்கிறது என்று அவருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் முன்கூட்டியே எதுவும் தைக்க மாட்டோம். சட்டை வாங்க மாட்டோம், தொட்டில் கட்ட மாட்டோம். பிள்ளை கையில் வந்த பிறகுதான் எல்லாம். அதனால் மகளின் மாசங்கள் முழுக்க நான் ஊசியைத் தொடவில்லை. இருப்பதிலேயே மெத்தென்ற புடவைகளைப் பெட்டியில் தனியாக எடுத்து வைத்ததோடு சரி. பிரசவம் ஆனதும் தைத்துக்கொள்ளலாம், தொட்டில் போடுவதற்குள் சின்னக் கவுதி ஒன்று முடியாதா என்று இருந்தேன்.

பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து, சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டின எங்கள் ஸ்கெலட்டன் லைன் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களைப் படுக்க வைத்துவிட்டு, பாயை விரித்து, புடவைகளை அடுக்கி, நாலு மூலையிலும் அரிசி டப்பா, இஸ்திரிப் பெட்டி, குழவிக்கல், தண்ணீர்க் குடம் என்று பாரம் வைத்து இழுத்து நிறுத்தினேன். நூலுக்கு மெழுகு தேய்த்து ஊசியில் கோத்தேன். ஓரத்தில் குத்தி, வாயைத் திறந்து, "மு" என்றேன்.

அத்தோடு வாயைப் பொத்திக்கொண்டேன்.

வீட்டில் தீட்டு. பிள்ளை பெற்ற வீடு. புண்ணியதானம் பண்ணித் தண்ணீர் தெளிக்கிற வரைக்கும் விளக்கு ஏற்றக் கூடாது, கோயில் படி மிதிக்கக் கூடாது, சாமி பேரைச் சொல்லக் கூடாது. அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். பிறக்கிறதுக்கு முன்னால் தைக்கக் கூடாது. பிறந்த பிறகு பேரைச் சொல்லக் கூடாது. தண்ணீர் தெளித்த அதே நாழிகையில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாக வேண்டும். பேர் சொல்லிக் கவுதி தைப்பதற்கு நடுவில் எங்கே இடம்? சாமியிடம் போய், செய்யவே முடியாத ஒரு காரியத்தைச் செய்கிறேன் என்று கரண்டி சாட்சியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கட்டிலில் படுத்திருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாம்மா, பல்லு வலிக்குதா?"

சொன்னேன். அவள் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து வந்த பிள்ளை. வாக்குக் கொடுத்து வாங்கி வந்தது. முதல் நாளே வாக்குத் தவறினால் அது யார் தலையில் விடியும்? அப்படி யோசிக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் யோசித்தேன். அவளும் யோசித்தாள் என்பது, பிள்ளையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டதில் தெரிந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் பஞ்சாயத்து அவரிடம் போனது.

"வாயால சொல்லாத. மனசுல சொல்லு" என்றார்.

"மனசு மட்டும் எங்க கீது? இதே வீட்லதானே கீது? அதுக்குத் தீட்டு இல்லியா?"

அவர் சட்டையைக் கழற்றுவதை நிறுத்தி, அதே சட்டையோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். உள்ளே போக முடியாது. வாசலிலும் நிற்கக் கூடாது. அதனால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம், மளிகைக் கடை ஓரமாக நின்றுகொண்டு பூசாரியைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பீக்கர் பெட்டியை ஏணியில் ஏறிக் கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஆட்டோ, பைக் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. என் வேண்டுதலை நான் கத்திச் சொன்னதில், கடைக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

"தொட்டில் போடறத தள்ளி வெச்சிக்கங்கம்மா!" என்று ஏணி மேலிருந்து கத்தினார்.

"முடியாது சாமி, சம்பந்தி வீட்ல நாள் குறிச்சிட்டாங்க!"

"அப்ப வேண்டுதல மாத்திக்கங்க!"

"அத மாத்தணும்னா உள்ள வந்து சொல்லணும்! தீட்டு! எப்பிடி வர்றது?"

பூசாரி கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்று யோசித்தார். கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "பாவம், நல்லா மாட்டிக்கிச்சி" என்றார். பூசாரி கடைசியில் இரண்டு கையையும் விரித்தார். அதில் ஸ்பீக்கர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதைப் பிடிப்பதில் என்னை மறந்துவிட்டார்.

சரி, பேர் சொல்லாமலே தைத்து வைப்போம், பிறகு முருகனிடம் மன்னிப்புக் கேட்போம் என்று வந்து உட்கார்ந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஊசியைப் பிடித்தால் கை போகவில்லை. போகவே இல்லை. ஊசி துணிக்கு மேலே வந்து, அங்கேயே நின்றது. பலவந்தமாகக் குத்தினால் தையல் ஒன்று பல்லி மாதிரி நீளமாக, ஒன்று எறும்பு மாதிரி. இவ்வளவு வருஷம் தைத்த கை, இப்போதுதான் ஊசியைப் பார்ப்பது போல் நடந்துகொண்டது. காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு சாண்கூட ஓடவில்லை. நடுவில் இரண்டு முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்கு இன்னா, வாய்க்கு ஒரு பேர் வேணும். அவ்ளோதானே? நான் தினமும் பாக்கற பேரச் சொல்லு. அதுக்கு ஏது தீட்டு?" என்றார்.

"இன்னா பேரு?"

"ஸ்டேஷன் பேரு."

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். சாம்பியன். ஒரு தையல். ஊர்காம். ஒரு தையல். கோரமண்டல். கை நகர்ந்தது! பங்காரப்பேட்டை என்றதும் கை நின்றுவிட்டது.

"இன்னா நின்னுட்ட?"

"அங்க வண்டி ரொம்ப நேரம் நிக்கும்னு நீங்கதானே தினமும் சொல்லுவீங்க."

"க்ராஸிங் போயிடுச்சி, கெளப்பு. டேக்கல். மாலூர்." மாலூருக்குப் பிறகு அவர் குரல் கம்மியது.

"மாலூருக்கு அப்புறம் இன்னாங்க?"

"மாலூருக்கு அப்புறம் நான் தூங்கிடுவேன். எதுக்குக் கேக்கற?"

மறுபடி சாம்பியனிலிருந்து ஆரம்பித்தோம். இப்படியே ஒரு வரிசை போயிற்று. பார்க்கப் பரவாயில்லை. ஆனால் பங்காரப்பேட்டையில் எல்லாம் நூல் தளர்ந்து, மாலூரில் எல்லாம் சுருங்கியிருந்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சாமி பேர் சொன்னா பிள்ளைக்கு சாமி அருள். ஸ்டேஷன் பேர் சொன்னா இன்னா வரும்?" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள்.

எனக்கு அது கேலியாகப் படவில்லை. இந்தப் பிள்ளையும் வாழ்நாளெல்லாம் விடியுமுன் எழுந்து மாரிகுப்பத்தில் வண்டியேறி, மாலூருக்கு அப்புறம் தூங்கிக்கொண்டு போக வேண்டுமா? கத்தரிக்கோலை எடுத்து அந்த வரிசையைப் பிரிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் பிரித்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப நான் இன்னா, கெட்டா போயிட்டேன்?" என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்டதும் பிரிப்பதை நிறுத்திவிட்டேன். பாதி வரிசை இன்னும் அந்தக் கவுதியில் இருக்கிறது.

மகள் தன் பங்குக்கு போனில் ஏதோ ஒன்றை இறக்கினாள். டக், டக் என்று சத்தம் வரும். அதற்குத் தகுந்தபடி தைக்க வேண்டும். "மியூசிக் கிளாஸ்ல யூஸ் பண்ணுவாங்கம்மா" என்றாள். நாலு டக்குக்குள் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. அதோடு அதை அணைத்துவிட்டோம்.

இத்தனையும் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்தபடி இருக்கும். இங்கே தும்மினால் அங்கே நூறாயுசு என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடச் சின்னவள். கார்மெண்ட் கம்பெனியில் மெஷின் ஓட்டிவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறாள். அவர்கள் பௌத்தர்கள். வீட்டில் புத்தர் படம் ஒன்றுதான், வேறு சாமி கிடையாது. பௌர்ணமிக்கு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு விகாரைக்குப் போவாள், அங்கிருந்து வந்து எனக்குப் பாயசம் தருவாள். கார்த்திகைக்கு நான் பொரியுருண்டை தருவேன். எங்களுக்குள் அவ்வளவுதான் மதம்.

மறுநாள் சுவருக்கு மேலிருந்து அவள் குரல் வந்தது.

"அக்கா! ஒண்ணு கேக்கட்டுமா? தீட்டு உங்க ஊட்டுக்குத்தானே?"

"ஆமாம்மா."

"எங்களுக்குத் தீட்டெல்லாம் ஒண்ணியும் கெடயாது. நான் சொல்றேன் உங்க சாமி பேர. நீங்க தெய்ங்க."

நான் ஊசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். "உனக்குத்தான் முருகன்மேல நம்பிக்கை இல்லியே?"

"நான் எங்க நம்பறேன்னு சொன்னேன்? பேரத்தானே சொல்றேன்னேன். உங்க வாயாலதான் சொல்லுவேன்னு வேண்டிக்கினீங்களா?"

"அவ்ளோ யோசிக்கலம்மா. கையில கரண்டி இருந்துது."

"அப்ப சரி. ஸ்டார்ட்டு. முருகா!"

அவள் அந்தப் பக்கம் சமைத்துக்கொண்டே சொன்னாள். நான் சந்தோஷமாக ஊசியை எடுத்தேன். கையும் ஓடியது. ஆனால் அவள் வேகம் கார்மெண்ட் வேகம். முருகா முருகா முருகா என்று பாபின் சுற்றுகிற மாதிரி சுற்றினாள். எனக்கு மூச்சு வாங்கியது. நடுவில் எண்ணெய் தெறித்தால், "முரு... அய்யோ!" என்பாள். அந்தத் தையல் அரைகுறையாக நிற்கும். குக்கர் விசில் வந்தால் நிறுத்திவிட்டு, விட்ட முருகாக்களையெல்லாம் சேர்த்து மொத்தமாகச் சொல்வாள். நான் ஒன்றின்மேல் ஒன்றாகத் தைப்பேன்.

அன்று மத்தியானம் அவள் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். வாசலிலேயே அவர் செருப்புச் சத்தம் நின்றது. சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

"இன்னாடி ஆச்சி உனக்கு?"

"முருகா. ஒண்ணும் இல்ல. முருகா. சோறு மூடி வெச்சிகீறேன். முருகா."

"மாறிட்டியா நீ?"

"எனக்கில்லய்யா. பக்கத்து ஊட்டுக்கு. முருகா."

பிறகு அவர் குரல், ரொம்ப மரியாதையாகச் சுவருக்கு மேல் வந்தது. "ஏங்க, நான் சாப்பிடற வரைக்கும் இவளுக்கு பிரேக் குடுப்பீங்களா? கொழம்பு ஊத்தச் சொன்னா முருகான்றா."

சாப்பாடு முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "நேர்ல சொல்றேங்க்கா, அப்பத்தான் ஷிப்ட் ஒழுங்கா போகும்" என்று பாயின் அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சொன்னாள். நான் தைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் சொல்வதை மெதுவாக்கி, என் கையையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். மெஷின் ஓட்டியவள் இல்லையா, கையைப் பார்க்கிற கண் அவளுக்கு.

"அக்கா. கோச்சிக்காதீங்க. நான் முருகான்னு சொல்றப்ப நீங்க தெய்க்கறதே இல்ல."

"தெச்சிகினுதானே கீறேன்?"

"இல்லக்கா. நான் சொல்றப்ப உங்க கை மேல நிக்குது. நான் வாய மூடினாத்தான் ஊசி உள்ள போவுது."

"போம்மா, அது எப்பிடி?"

"பாருங்க. முருகா."

என் கை நூலை இழுத்துக்கொண்டு நெஞ்சுக்கு நேராகப் போய் நின்றது. அவள் வாயை மூடினாள். ஊசி இறங்கித் துணியில் போய் வந்தது. "முருகா." கை மேலே நின்றது. மூடினாள். ஊசி இறங்கியது. டிராபிக் போலீஸ்காரர் கைக்கு வண்டிகள் நின்று போவது போல. கட்டிலிலிருந்து மகளும் எட்டிப் பார்த்து, "ஆமாம்மா!" என்றாள்.

நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். அப்படியானால் இத்தனை வருஷம் நான் தைத்த கவுதிகளில் ஒரு தையல்கூட முருகன் பேரோடு விழவில்லை. பேர் சொல்லும்போதெல்லாம் ஊசி ஆகாயத்தில் இருந்திருக்கிறது. பேர் அடங்கின பிறகு, சத்தமில்லாத இடத்தில்தான் ஒவ்வொரு தையலும் விழுந்திருக்கிறது. சக்கரமும் இல்லை, பல்லும் இல்லை. ஒன்று வேலை செய்யும்போது மற்றது நிற்கும். அவ்வளவுதான் என் வித்தை. என்னுடைய வேகக் குறைவுக்கும் அதுதான் காரணம்.

அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவள் பயந்துவிட்டாள். "சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"இல்லம்மா. நல்லதுதான் சொன்ன." சொல்லும்போதே வேறொன்றும் தோன்றியது. தையல் விழுகிற நேரத்தில் சத்தம் எப்போதுமே இல்லை என்றால், இப்போது வாயை மூடிக்கொண்டு தைப்பதில் புதுசாக என்ன இருக்கிறது? கையை அவசரப்படுத்தாமல், ஒரு முருகா சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அதை மேலே நிற்க விட்டால் போதாதா?

அப்படியே செய்தேன். நூலை இழுத்து நெஞ்சுக்கு நேரே நிறுத்தினேன். ஒன்றும் சொல்லவில்லை. நிற்க வேண்டிய நேரம் நின்றது. தானாக இறங்கியது. தையல் பழைய தையலாக, அரிசி மாதிரி, ஒரே அளவில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல எழுந்து, சத்தம் போடாமல் வீட்டுக்குப் போனாள்.

அந்த நின்ற நேரத்தில் மனசு முருகன் பேரைச் சொன்னதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் தீட்டு என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு நாள் தவறாமல் தைத்தேன். வேகம் கூடவில்லை. கூட்ட முயற்சி பண்ணவும் இல்லை. பிள்ளை அழுதால் எழுந்தேன், தூங்கினால் உட்கார்ந்தேன். ஒரு தொல்லை மட்டும் மிச்சமிருந்தது. கவுதியை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்குத் தைத்து வர வேண்டும். ஓரத்தில் ஒரு பக்கம் ரயில் வேகம், ஒரு பக்கம் கார்மெண்ட் வேகம், மற்ற இடமெல்லாம் என் வேகம். ஒவ்வொன்றும் துணியை ஒவ்வொரு விதமாகத் தள்ளிக்கொண்டு வந்ததில், மிஞ்சின துணியெல்லாம் நடுவில் சேர்ந்து உப்பிக்கொண்டு நின்றது. கையால் அமுக்கினால் இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் எழும்பும்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாம்மே, நடுவுல சயனைட் மேடு வெச்சிட்ட?" என்றார். சுரங்கத்தில் தங்கம் எடுத்துப் போட்ட மண் மலை மலையாக ஊருக்குள் நிற்கிறதல்லவா, அதைச் சொன்னார். உண்மையிலேயே அதே உருவம். மேலே தட்டை, பக்கமெல்லாம் சரிவு.

தொட்டில் போடுகிற நாளும் வந்துவிட்டது. நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்கு, அந்த மேட்டைச் சுற்றி, தையல் பாக்கி. சம்பந்தியம்மா பெங்களூரிலிருந்து சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். கையில் முயல் படம் போட்ட பளபளவென்ற போர்வை. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. "தொட்டில்ல இதப் போட்டுக்கலாம் சம்பந்தி" என்றார். அவர்மேல் தப்பில்லை. வேண்டுதல் அவருக்குத் தெரியாது. மகள் என்னைப் பார்த்தாள். நான் பாயில் கிடந்த கவுதியைப் பார்த்தேன்.

பூசாரி வந்தார். ஏணி விஷயம் அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது. மந்திரம் சொல்லி, மாவிலையால் வீடெங்கும் தண்ணீர் தெளித்தார். என் தலையில் கொஞ்சம் சேர்த்தே தெளித்தார். "தீட்டு போச்சும்மா. தாராளமாச் சொல்லுங்க. ஆனா ராகு காலம் வர்றதுக்குள்ள பிள்ளையத் தொட்டில்ல விட்டுடணும்" என்றார்.

பாயில் போய் உட்கார்ந்தேன். ஊசியை எடுத்தேன். வீடே சுற்றி நின்றது.

"முருகா" என்றேன். எத்தனை நாளைக்குப் பிறகு! கை மேலே போய் நின்றது. இறங்கியது. "முருகா."

சம்பந்தியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. விஷயம் என்னவென்று மகள் காதில் சொன்னதும் அவரும் கூடச் சேர்ந்துகொண்டார். எனக்கு உதவி பண்ணுகிறாராம். "முருகா, முருகா, சீக்கிரம் சம்பந்தி, முருகா." அவர் அக்கா ஒரு பக்கம் ஆரம்பித்தார். பூசாரி தன் ராகத்தில் இழுத்தார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி, பழக்க தோஷத்தில், கார்மெண்ட் வேகத்தில் தொடங்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு வேகத்தில் முருகா. என் கை எந்த முருகாவுக்கு நிற்பது, எதற்கு இறங்குவது என்று தெரியாமல் ஊசியோடு ஆகாயத்தில் ஆடியது. விரலில் ஒரு குத்து குத்திக்கொண்டேன்.

நான் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. சம்பந்திகள் முன்னால் சுத்தமாக இல்லை. அன்றைக்குப் பேசிவிட்டேன்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. சாமி எங்கியும் ஓடிப் போவல. நானும் போவல."

வீடு அடங்கியது. முயல் போர்வையைச் சம்பந்தியம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் சொன்னேன், நிறுத்தினேன், தைத்தேன். சொன்னேன், நிறுத்தினேன், தைத்தேன். பூசாரி ஒரு கண்ணால் என்னையும் ஒரு கண்ணால் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த மேட்டை அமுக்கப் பார்க்காமல், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சுற்றி ஏறித் தைத்து உச்சியில் முடிச்சுப் போட்டேன். நூலைப் பல்லால் கடித்தபோது, பின்னாலிருந்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"மாரிகுப்பம்."

அதுதான் சாயந்திரம் அவர் வீட்டுக்கு வந்து இறங்குகிற கடைசி ஸ்டேஷன்.

ராகு காலத்துக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. தொட்டிலில் கவுதியை விரித்து, பிள்ளையைப் படுக்க வைத்தோம். வைத்த உடனே அவன் மேட்டிலிருந்து சறுக்கி ஒரு பக்கமாகப் போனான். எல்லோரும் "அய்யோ" என்றார்கள். நேராக எடுத்து வைத்தோம். மறுபடியும் சறுக்கினான். மூன்றாவது தடவை நாங்கள் தொடுவதற்குள் அவனே அந்த மேட்டில் முதுகைச் சாய்த்து, வாயைக் கோணிக்கொண்டு தூங்கிவிட்டான். முயல் போர்வையை மேலே போர்த்தினோம். சம்பந்தியம்மாவுக்கும் குறையில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி பாயசக் கிண்ணத்தோடு என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நான் அத்தினி முருகா சொன்னேனே, அந்தப் புண்ணியம் யாருக்கு?"

"உனக்குத்தாம்மா. நீதானே சொன்ன."

"எனக்கு வேணாங்க்கா. எங்க ஊட்ல வைக்க எடம் இல்ல. நீங்களே எடுத்துக்கங்க."

மறுநாள் கோயிலுக்குப் போனேன், இந்தத் தடவை உள்ளே. முருகன் முன்னால் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொஞ்சம் தையல் என் பேச்சில், கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரி பேச்சில், அரை வரிசை ரயில் ஸ்டேஷன், மீதி பேச்சே இல்லாமல். பேர் இல்லாத தையல் இருக்காது என்று நான் சொன்னேன், ஆனால் எந்தத் தையலில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள் என்றேன். சொல்லிவிட்டு வழக்கம்போல் கொஞ்ச நேரம் நின்றேன். அவரும் நின்றார். அவசரம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் கவுதியைத் துவைத்துக் காயப்போட்டால் பேரன் தூங்குவதில்லை. மேடு காய்கிற வரைக்கும் மகள் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. இன்னொன்று தைத்துக் கொடும்மா என்று மகள் பெங்களூரிலிருந்து போன் பண்ணுகிறாள். தைத்துக்கொண்டிருக்கிறேன். ஓரமெல்லாம் நேராக வருகிறது. நடுவில் அந்த மேடு மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரியையும் ஒன்றாக உட்கார வைத்து, ஆளுக்கொரு பேர் சொல்லச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.